எட்டு நாடு வேண்டாம், ஓர் ஆறு போதும்

அன்புள்ள காலை நடைக் குழுவினருக்கு,

நம் வாட்ஸ்அப் குழுவில் சுற்றிக்கொண்டிருக்கும் “பத்து நாளில் எட்டு நாடு” சுற்றுலா விளம்பரத்தைப் பார்த்தேன். பாதிப் பேர் கட்டைவிரலை உயர்த்திவிட்டீர்கள். முன்பணம் கட்டுவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள் என்றுதான் எழுதுகிறேன். ஊருக்கு ஊர் நம்மைப் போன்ற நடைக் குழுக்கள் இருக்கின்றன. அவர்கள் கைக்கும் இதே விளம்பரம் போயிருக்கும். அதனால் இது எல்லோருக்குமான திறந்த மடலாகவே இருக்கட்டும்.

அந்த நிகழ்ச்சி நிரலைப் பேனாவும் கையுமாக ஒருமுறை படித்துப் பாருங்கள். காலை எட்டு மணிக்குப் பேருந்து. வழியில் படம் எடுத்துக்கொள்ள அரை மணி நேரம். மறுபடி பேருந்து. இரவு, ஊருக்கு வெளியே நெடுஞ்சாலை ஓரத்து விடுதி. விடிந்தால் பெட்டி கட்ட வேண்டும். ஒரு நாள் நடக்காவிட்டால் உடம்பு கனக்கிறது என்று சொல்கிற நாம், லட்சங்களைக் கட்டிப் பத்து நாள் உட்கார்ந்தே வரப் போகிறோம். பார்த்த நாடுகளின் பட்டியல் நீளும். நினைவில் நிற்பது பேருந்து ஜன்னல்தான்.

எத்தனை நாடு என்று எண்ணாமல், ஒரே ஊரில் எத்தனை இரவு என்று எண்ணிப் பார்க்கலாம். இரண்டு இரவுக்குக் குறைவாகத் தங்கும் ஊரைத் திட்டத்திலிருந்தே அடித்துவிடலாம். இந்தக் கணக்கில் நான் முன்வைப்பது இதுதான்: செக் நாட்டின் பிராக்கில் மூன்று இரவு, செக்–ஜெர்மன் எல்லையிலுள்ள மணற்கல் மலையில் மூன்று இரவு, ஜெர்மனியின் டிரெஸ்டனில் இரண்டு இரவு. மொத்தம் எட்டு இரவு, இரண்டு நாடு, ஓர் ஆறு.

ஆறு என்று சும்மா சொல்லவில்லை. பிராக் நகரின் நடுவே ஓடுவது வல்தாவா. அது வடக்கே மெல்னிக் என்ற ஊரில் எல்பேயுடன் கலக்கிறது. கலக்கும் இடத்தில் நீளமும் நீரும் வல்தாவாவுக்கே கூடுதல். ஆனாலும் அதன் பிறகு பெயர் எல்பேதான். அந்த எல்பே எல்லைப்புறத்து மணற்கல் மலைகளை அறுத்துக்கொண்டு ஜெர்மனிக்குள் புகுந்து டிரெஸ்டனைத் தொடுகிறது. ரயில் பாதையும் பெரும்பாலும் ஆற்றை விட்டு விலகுவதில்லை. பிராக்கிலிருந்து டிரெஸ்டனுக்கு நேரடி ரயிலில் ஏறக்குறைய இரண்டரை மணி நேரம். நாம் நீரோட்டத்தின் போக்கிலேயே போகப் போகிறோம்.

இந்த வரிசையில் போவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. டிரெஸ்டனின் தேவாலயங்களும் அரண்மனைகளும் எழுந்தது இந்த மலைகளில் வெட்டிய கல்லில்தான். எல்பேக் கரையில் வெட்டிப் படகில் ஏற்றி, ஆற்றோடு கீழே இறக்கியிருக்கிறார்கள். முதலில் மலையில் அந்தக் கல்லின் மேல் நடந்துவிட்டுப் பிறகு நகரத்துக்குப் போனால், கட்டடங்களைப் பார்க்கும் பார்வையே வேறாகிவிடும். வரலாற்று நகரம் ஒன்று, நடைப் பயணம் ஒன்று என இரண்டு தனித்தனிச் சுற்றுலாக்களை ஒட்டுப்போட வேண்டியதில்லை. இங்கே இரண்டும் ஒரே கதை.

இனி ஊர் ஊராகப் போவோம்.

பிராக்கில் செய்ய வேண்டிய முதல் வேலை, விடிகாலையில் சார்லஸ் பாலத்துக்குப் போவது. நமக்கு அது கஷ்டமில்லை. விமானப் பயணம் கலைத்துப் போட்ட தூக்கமே எழுப்பிவிடும். 1342 வெள்ளத்தில் பழைய பாலம் அடித்துச் செல்லப்பட்ட பிறகு, மன்னர் நான்காம் சார்லஸ் காலத்தில் 1357இல் தொடங்கிய பாலம் இது. அரை கிலோமீட்டருக்குச் சற்றுக் கூடுதல் நீளம்; இரு கைப்பிடிச் சுவர்களிலும் சேர்த்து முப்பது சிலைகள். மழையும் புகையும் அரித்ததால் பல மூலச் சிலைகளை உள்ளே எடுத்துவைத்துவிட்டு, பிரதிகளை நிறுத்தியிருக்கிறார்கள். நேபொமுக் யோவான் சிலையின் அடியிலுள்ள வெண்கலத் தகடுகளைக் கவனியுங்கள். தகடு முழுக்கக் கறுத்திருக்க, வேண்டிக்கொண்டு விரல் வைக்கும் இடங்கள் மட்டும் பொன்னாக மின்னும். காலை ஆறு மணிக்கு இதையெல்லாம் நின்று பார்க்கலாம். பத்து மணிக்கு மேல் நிற்கவே இடம் கிடைக்காது.

பாலத்தைத் தாண்டினால் மேட்டில் கோட்டை. அங்குள்ள புனித வீத்துஸ் தேவாலயத்தை 1344இல் தொடங்கி 1929இல்தான் முடித்தார்கள். அங்கிருந்து ஸ்ட்ராஹோவ் மடம் வழியாகப் பெட்ரீன் குன்றின் பழத்தோட்டங்களுக்குள் இறங்கினால், நகரத்தின் நடுவிலேயே ஒரு மலை நடை முடிந்துவிடும். பெரும்பாலும் இறக்கம்தான், மர நிழலும் உண்டு. முதல் நாளே காலைப் பழக்கிக்கொள்ள இதைவிடத் தோதான பாதை கிடைக்காது.

இன்னொரு நாளை யூதர் குடியிருப்புக்கு ஒதுக்குங்கள். 13ஆம் நூற்றாண்டில் கட்டிய தொழுகைக்கூடம் ஒன்று அங்கே இன்றும் வழிபாட்டில் இருக்கிறது. பக்கத்திலுள்ள பின்காஸ் தொழுகைக்கூடத்தின் உட்சுவர்களில், நாஜிகள் கொன்ற செக் நாட்டு யூதர்கள் ஏறத்தாழ 78,000 பேரின் பெயர்களைக் கையால் எழுதியிருக்கிறார்கள். தள்ளி நின்றால் சுவர்க் கோலம் போலத் தெரியும். கிட்டே போனால்தான் அவை பெயரும் பிறந்த நாளும் என்பது புலப்படும். எட்டு நாட்டுப் பயணத்தில் இந்தக் கிட்டே போவதற்குத்தான் நேரம் இருக்காது.

நான்காம் நாள் காலை ரயில். வலப்பக்க ஜன்னலைப் பிடியுங்கள். ஆறு அந்தப் பக்கம்தான். எல்லைக்குச் சற்று முன்னால் டெச்சின் என்ற ஊர் வரும். அங்கே பாலத்துக்கு அடியில், ஆற்றுப் படுகையில், ஒரு பாறை உண்டு. ஆறு வற்றினால்தான் வெளியே தெரியும். பஞ்ச காலங்களில் அதில் ஆண்டுகளைச் செதுக்கி வைத்திருக்கிறார்கள். படிக்க முடிகிறவற்றில் பழையது 1616. என்னைக் காண நேர்ந்தால் அழுதுகொள் என்ற பொருளில் ஒரு வரியும் அதில் இருக்கிறது. 2018இலும் 2022இலும் அந்தப் பாறை வெளியே வந்தது. ஆனால் 2002 ஆகஸ்டில் இதே ஆறு டிரெஸ்டனில் 9.40 மீட்டர் உயரத்துக்கு ஏறி நகரத்துக்குள் புகுந்தது. கரையோர ஊர்களில் வீட்டுச் சுவர்களைப் பாருங்கள்: எந்த வெள்ளம் எதுவரை வந்தது என்று கோடு போட்டு ஆண்டைக் குறித்திருப்பார்கள். உங்கள் தலைக்கு மேலேயும் கோடுகள் இருக்கும்.

மலைப்பகுதியில் நாம் தங்குவதற்கு ஏற்ற ஊர் ஜெர்மன் பக்கத்திலுள்ள பாட் ஷாண்டாவ். ரயில் நிலையம் ஒரு கரையில், ஊர் மறு கரையில், படகில் கடக்கலாம். இந்த வட்டாரத்துக்கு சாக்சன் ஸ்விட்சர்லாந்து என்று பெயர். குழுவில் யாரும் பனிமலையை எதிர்பார்த்துவிட வேண்டாம். 18ஆம் நூற்றாண்டில் டிரெஸ்டன் கலைக்கழகத்தில் பணியாற்றிய ஸ்விட்சர்லாந்து ஓவியர்கள் இருவருக்கு இந்த மேடுகள் சொந்த ஊரை நினைவூட்டியதால் ஒட்டிக்கொண்ட பெயர் அது. உண்மையில் இது பழைய கடலடி. ஏறக்குறைய பத்துக் கோடி ஆண்டுகளுக்கு முன் படிந்த மணல் இறுகிக் கல்லாகி, பிறகு ஆறும் மழையும் அறுத்ததில் தூண் தூணாக நிற்கிறது. உயரம் குறைவு. மூச்சு வாங்க வைப்பவை படிக்கட்டுகள் மட்டுமே.

முதல் நாள் நடை பாஸ்டை என்ற பாறை மேட்டுக்கு. உள்ளூர் ரயிலில் ராட்டன் நிலையத்தில் இறங்கினால் எதிர்க் கரைக்குப் போக ஒரு படகு. அந்தப் படகை நின்று கவனியுங்கள். நீட்டிக் கட்டிய கம்பியில் பிணைத்திருக்கும் படகைக் கொஞ்சம் சாய்த்து நிறுத்துவார்கள். ஓடும் நீர் பக்கவாட்டில் தள்ள, அது தானாகக் கரை சேரும். தள்ளுகிற வேலை முழுக்க ஆற்றுடையது. இறங்கி முக்கால் மணி நேரம் படியேறினால், ஆற்றுக்கு 194 மீட்டர் மேலே பாறைத் தூண்களுக்கு நடுவில் ஒரு கல் பாலம். 1826இல் மரத்தில் போட்டதை 1851இல் கல்லில் கட்டினார்கள். ஏழு வளைவு, 76.5 மீட்டர் நீளம். ஒன்பது மணிக்கு முன்னால் போய்விட்டால் பாலம் நமக்கு மட்டும்தான். அப்புறம் பேருந்துக் கூட்டம் வந்துவிடும். பாறை விளிம்பில் இருந்த பழைய பார்வை மேடை, அடியிலுள்ள மணற்கல் உதிர்ந்து பலவீனமானதால் மூடப்பட்டது. இப்போதுள்ள புது மேடை பாறை நுனியில் பாரம் ஏற்றாமல் நீண்டு நிற்கிறது. காலடியில் இருக்கும் கல் எவ்வளவு மெத்தென்றது என்பதற்கு இதுவே சான்று.

இறங்க இரண்டு வழி. வந்த வழியே திரும்பலாம். அல்லது ஸ்வேடன்லோகர் என்ற இடுக்கு வழியாக ஏறத்தாழ 700 படி இறங்கலாம். முப்பதாண்டுப் போரில், 1639இல், ஸ்வீடன் படைக்குத் தப்பி ஊர் மக்கள் ஒளிந்த இடம் அது. கோடையிலும் குளிர்ந்து, பாசி படர்ந்திருக்கும். மழை பெய்த மறுநாள் அந்தப் பக்கம் போகவே வேண்டாம். முழங்கால் வலியுள்ளவர்களுக்கு ஏற்றத்தைவிட இறக்கம்தான் பகை. அவர்கள் மேலேவரை பேருந்தில் வந்து பாலத்தைப் பார்த்துவிட்டுப் பேருந்திலேயே திரும்பலாம்; கீழே ஆற்றங்கரைக் கடையில் கேக்கும் காபியுமாக மற்றவர்களோடு சேர்ந்துகொள்ளலாம். ஒருவருக்காக எல்லோரும் விட்டுக்கொடுக்கவும் வேண்டாம், ஒருவரை விடுதியில் உட்கார்த்தவும் வேண்டாம்.

இரண்டாம் நாள் கோனிக்ஸ்டைன் கோட்டை. மேசையைப் போலத் தட்டையான மலை உச்சி முழுவதும் கோட்டைதான், 9.5 ஹெக்டேர் பரப்பு. மேலே ஏற மின்தூக்கி உண்டு, சுற்றுமதில் நெடுகச் சமதள நடை. 16ஆம் நூற்றாண்டில் பாறையைக் குடைந்து தோண்டிய கிணறு 152.5 மீட்டர் ஆழம். யாரும் போரிட்டுப் பிடிக்காத கோட்டை இது. ஆனால் இதிலிருந்து தப்பியவர்கள் உண்டு. இரண்டாம் உலகப் போரில் இங்கே சிறை வைக்கப்பட்ட பிரெஞ்சுத் தளபதி ஆன்ரி ஜிரோ, 1942 ஏப்ரலில் மதில் வழியாகக் கயிற்றில் இறங்கிப் போய்விட்டார். அப்போது அவருக்கு வயது 63. நம்மில் பலருக்கு அதே வயது. நாம் மின்தூக்கியிலேயே இறங்குவோம். தெம்பு மிச்சமிருந்தால், மாலையில் கோனிக்ஸ்டைனிலிருந்து ராட்டன் பக்கமாக ஆற்றங்கரையோடு போகும் மிதிவண்டிப் பாதையில் நடக்கலாம். ஏற்ற இறக்கமே கிடையாது.

மூன்றாம் இரவுக்கு மறுநாள், டிரெஸ்டனுக்குக் கிளம்பும் முன் அரை நாள் கையில் இருக்கும். 1898இலிருந்து ஓடும் கிர்னிச் பள்ளத்தாக்கு டிராமில் காட்டுக்குள் போய்வாருங்கள். வழியில் காய்ந்து நிற்கும் மரங்களைப் பார்த்துத் திடுக்கிட வேண்டாம். 2018இலிருந்து தொடர்ந்த வறட்சியில் பட்டைவண்டுகள் பெருகி ஸ்புரூஸ் மரங்களைக் கூட்டம் கூட்டமாகக் கொன்றுவிட்டன. மரம் முறிந்து விழும் ஆபத்தால் சில பாதைகளை மூடியிருக்கிறார்கள். எல்லைக்கு அப்பால், செக் பக்கத் தேசியப் பூங்காவில், 2022 ஜூலையில் பிடித்த தீ ஆயிரம் ஹெக்டேருக்கு மேல் எரித்தது. அங்கேயும் எல்லாப் பாதைகளும் திறக்கவில்லை. அதனால் பழைய பயணக் கட்டுரைகளை நம்பிப் பாதையை முடிவு செய்யாதீர்கள். எல்லையின் இரு பக்கத் தேசியப் பூங்காக்களின் இணையதளங்களிலும் மூடிய பாதைகளின் பட்டியல் இருக்கும். முந்தின நாள் இரவு பார்த்துவிட்டுக் கிளம்புவோம்.

அடுத்து டிரெஸ்டன். 1945 பிப்ரவரி 13 இரவு தொடங்கிய பிரிட்டிஷ், அமெரிக்கக் குண்டுவீச்சில் இந்நகரத்தின் மையம் எரிந்து அழிந்தது. நகரம் அமைத்த வரலாற்றாய்வாளர் குழு, இறந்தவர்கள் 25,000 பேர் வரை இருக்கலாம் என்று 2010இல் முடிவுக்கு வந்தது. ஃப்ரவுன்கிர்ஷே தேவாலயம் இரண்டு நாள் நெருப்பில் வெந்து, 15ஆம் தேதி காலை சரிந்து விழுந்தது. கிழக்கு ஜெர்மனி காலம் முழுவதும் அது கற்குவியலாகவே கிடந்தது. ஜெர்மனிகள் இணைந்த பிறகு குவியலைக் கல் கல்லாகப் பிரித்து, அளந்து, பயன்படக் கூடியவற்றைப் பழைய இடத்திலேயே வைத்துக் கட்டி, 2005 அக்டோபர் 30 அன்று மறுபடி திறந்தார்கள்.

அதன் சுவருக்கு அருகே போய் நில்லுங்கள். வெளிர் மஞ்சள் கற்களுக்கு நடுவில் அங்கங்கே கறுப்புக் கற்கள். கறுப்பு பழையது, வெளிர் புதியது. எல்பே மணற்கல் வெயிலிலும் மழையிலும் வயதாக ஆகக் கறுத்துப் போகும். இரண்டு நாள் முன்பு பாஸ்டையில் பாறை முகங்களில் நாம் பார்த்த அதே கறுப்பு. புதுக் கற்களும் ஒரு நாள் கறுத்து, எது பழையது எது புதியது என்று தெரியாமல் போகும். உச்சியிலுள்ள சிலுவையைச் செய்தவர் ஆலன் ஸ்மித் என்ற பிரிட்டிஷ் பொற்கொல்லர். அவருடைய தந்தை, டிரெஸ்டன் மீது குண்டு வீசப் பறந்தவர்களில் ஒருவர்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஸ்விங்கர் அரண்மனை ஓவியக்கூடத்தில் ரஃபேலின் சிஸ்டின் மடோனா இருக்கிறது, திங்கட்கிழமை விடுமுறை. அரசர்களின் நகைகள் உள்ள அரண்மனைக்குச் செவ்வாய் விடுமுறை. இந்த இரண்டையும் பார்த்தே பயண நாளைக் குறிக்க வேண்டும். தெருவோரச் சுவரில் 102 மீட்டர் நீளத்துக்கு மைசன் பீங்கான் ஓடுகளில் பதித்த அரசர்களின் ஊர்வலத்துக்குக் கட்டணமும் இல்லை, விடுமுறையும் இல்லை.

இனி நடைமுறை.

பருவம்: மே கடைசி முதல் ஜூன் வரை, அல்லது செப்டம்பர். ஜூலை, ஆகஸ்டில் கூட்டமும் சூடும் அதிகம். ஆறு வற்றினால் டிரெஸ்டனின் பழைய நீராவிப் படகுகளும் நின்றுவிடும்.

விசா: அதிக இரவு எந்த நாட்டிலோ அந்த நாட்டிடம்தான் விண்ணப்பிக்க வேண்டும். நமக்கு ஐந்து இரவு ஜெர்மனியில், ஆகவே ஜெர்மன் விசா. பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். கோடைக்கு நேர்முக நாள் கிடைப்பது குதிரைக்கொம்பு, ஆகவே காலம் தாழ்த்த வேண்டாம். கட்டணம் 90 யூரோ. மருத்துவக் காப்பீடு குறைந்தது 30,000 யூரோவுக்கு இருக்க வேண்டும். சர்க்கரை, ரத்த அழுத்தம், இதயத்தில் ஸ்டென்ட் என்று ஏற்கெனவே உள்ள நோய்களுக்கு அந்தக் காப்பீடு பொருந்துமா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். செக் எல்லையில் ஜெர்மன் போலீஸ் ரயிலில் ஏறிச் சோதிப்பது உண்டு. பாஸ்போர்ட்டைப் பெட்டிக்குள் பூட்டாமல் கையில் வைத்திருங்கள்.

பயணச்சீட்டு: மலைப்பகுதி உள்ளூர் ரயிலில் ஐந்து பேர் வரை சேர்ந்து எடுக்கும் ஒருநாள் குழுச் சீட்டு உண்டு. எல்லையின் இரு பக்கமும் செல்லும் எல்பே–லாபே சீட்டும் உண்டு. ஆகவே ஐந்து ஐந்து பேராகப் பிரிவோம். சீட்டுக்கும் லாபம், நடை வேகத்துக்கும் பொருத்தம். திரும்புகையில் டிரெஸ்டனிலிருந்து பெர்லினுக்கு ரயிலில் இரண்டு மணி நேரம், அங்கிருந்து விமானம். பிராக்கில் இறங்கி பெர்லினில் ஏறும்படி ஒரே டிக்கெட்டாகக் கேட்டால், வந்த வழியே திரும்பும் அலைச்சல் மிச்சம்.

பணம்: செக் நாட்டில் யூரோ இல்லை, கொருணா. ஏடிஎம் திரை “ரூபாயில் கணக்கிடவா” என்று கேட்டால் வேண்டாம் என்று அழுத்துங்கள். அதில் விகிதம் நமக்குப் பாதகம்.

சாப்பாடு: சைவக்காரர்களுக்குப் பிராக்கில் பொரித்த பாலாடைக்கட்டியும், காளானும் முட்டையும் போட்ட குலாய்டா சூப்பும் கிடைக்கும், முட்டை வேண்டாமென்றால் முன்பே சொல்லிவிடுங்கள். ஜெர்மனியின் சாக்சனியில் உருளைக்கிழங்கும் தயிர்க்கட்டியும் பிசைந்து சுட்ட இனிப்புத் தோசை ஒன்று உண்டு. உருளைக்கிழங்கு சூப் கேட்டால் தொத்திறைச்சி இல்லாமல் என்று சொல்ல வேண்டும். ஞாயிற்றுக்கிழமை ஜெர்மனியில் கடைகள் மூடியிருக்கும். சனிக்கிழமையே ரொட்டியும் பழமும் வாங்கி வையுங்கள். புளிக்காய்ச்சல் கொண்டுவரலாம். நெய்ப் பாட்டில் கூடாது. பால் பொருள்களையும் இறைச்சியையும் வெளியிலிருந்து ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் எடுத்துப்போகத் தடை.

பாரிஸைப் பார்க்காமல் ஐரோப்பா போனதாக எப்படிச் சொல்வது என்று சிலர் கேட்பீர்கள். நியாயமான கேள்வி. பாரிஸ்தான் ஆசை என்றால் பாரிஸுக்கே ஐந்து இரவு கொடுத்து, பக்கத்தில் நடக்க ஒரு காட்டைத் தேடுவோம். நான் தடுக்க மாட்டேன். எந்த ஊர் என்பதில் எனக்குப் பிடிவாதமில்லை. ஒரு வட்டாரத்தை எடுத்து, அதன் ஆற்றையும் கல்லையும் தெருவையும் காலால் தெரிந்துகொண்டு வர வேண்டும் என்பதில்தான் பிடிவாதம். நடக்கத் தெரிந்தவர்கள் நாம். அந்தத் தகுதியை வீட்டில் வைத்துவிட்டுப் போவானேன்?

வரும் ஞாயிறுக்குள் மூன்று விஷயம் சொல்லுங்கள்: ஜூனா செப்டம்பரா, தொடர்ந்து எத்தனை கிலோமீட்டர் சிரமமில்லாமல் நடப்பீர்கள், படிக்கட்டு ஒத்துக்கொள்ளுமா. கடைசிக் கேள்விக்கு மழுப்பாமல் பதில் சொல்லுங்கள். நம் பூங்காவில் சுற்றுவது சமதளம். அது பாஸ்டைக்குப் போதாது. முழங்கால் என்ன சொல்கிறது என்பதை ராட்டன் படகுத்துறையில் போய்த் தெரிந்துகொள்வதைவிட இங்கேயே தெரிந்துகொள்வது மேல். திங்கட்கிழமை முதல் நடை முடிந்ததும் ரயில் நிலைய மேம்பாலத்தில் ஐந்து முறை ஏறி இறங்கலாம் என்றிருக்கிறேன். வருகிறவர்கள் பெயர் கொடுங்கள்.

அன்புடன்,
உங்களோடு நடக்கும் ஒருவர்